பாதிச் சுமை

18 மே 1943

அண்ணன் இன்றும் "அடுத்த வாரம்" என்றார். போன வாரமும் அதையே சொன்னார். இந்தக் காட்டில் ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. எல்லாக் கிழமையும் மரம் வெட்டுகிற கிழமைதான். அப்புறம் இவருக்கு மட்டும் அடுத்த வாரம் எங்கிருந்து வருகிறது?

அண்ணியைப் பிரசவத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போகத்தான் சித்திரையில் என்னை வரவழைத்தார்கள். பொள்ளாச்சியில் வீடு பார்த்தாயிற்று, ஆஸ்பத்திரியும் பக்கம். நான் துணைக்கு இருந்துவிட்டு, ஜூன் கடைசியில் மதராஸுக்குப் போய் பி.ஏ. சேர வேண்டும். தேதி தாண்டினால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்காக நான் அவசரப்படுத்தவில்லை. அண்ணியின் உடம்புதான் என் கவலை.

கொண்டுவந்த புத்தகங்களை இரண்டு முறை படித்துவிட்டேன். அட்டைகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

24 மே

இந்த ரயிலைப் பற்றி எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கருநீர்க்காட்டில் காடு மட்டும்தான் இருந்தது. பாலத்துக்கும் தண்டவாளக் கட்டைக்கும் ராணுவம் மரம் கேட்டது. உடனே பாறையை உடைத்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து சமவெளிவரை அதில் சின்ன என்ஜின் ஓடும். மலைமேல் என்ஜின் ஏறாது. அங்கே இருப்பது சரிவு.

உச்சியில் ஒரு பெரிய இரும்பு உருளை, அதைச் சுற்றி ஒரே கம்பிக்கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் மேலே நிற்கும் வண்டி, மறு நுனியில் அடிவாரத்தில் நிற்கும் வண்டி. மேல்வண்டியில் மரத்தை ஏற்றித் தள்ளிவிட்டால் அது இறங்கும். அதன் கனம் கீழ்வண்டியை இழுத்து மேலே ஏற்றும். நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, வண்டிகள் பக்கம் பக்கமாகக் கடந்துபோகும். உருளைக்குப் பிரேக் போடுவதுதான் அண்ணனுடைய உத்தியோகம். கனம் இறங்கினால்தான் இங்கே எதுவும் ஏறும். அரிசி, உப்பு, யானைக்கு ராகி, எனக்கு வருகிற பழைய பத்திரிகை எல்லாமே அப்படி ஏறி வந்தவைதான்.

நானும் அப்படித்தான் வந்தேன். கீழே போகத்தான் வழி இல்லையாம்.

"ஆளு ஏறக் கூடாதுன்னு உத்தரவு," என்றார் அண்ணன்.

"சித்திரையில நான் ஏறுனேனே?"

"அது சித்திரை."

"யார் போட்ட உத்தரவு?"

"யுத்தம் நடக்குது தெய்வானை," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

29 மே

மண்ணெண்ணெய் இல்லை. கேட்டால் யுத்தம். சீப்பு உடைந்துவிட்டது. அதற்கும் யுத்தம்தான்.

2 ஜூன்

அண்ணிக்கு என்னைவிட ஒரே ஒரு வயதுதான் அதிகம். மயிலாத்தாள் என்று பெயர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற கொடுப்பினை அவளுக்கு இல்லை. அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்கள். அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பத்திரிகை வந்தால் என்னைப் படிக்கச் சொல்லுவாள். சிங்கப்பூர் என்ற சொல் வருகிற வரைக்கும் அரிசியில் கல் பொறுக்குவாள். வந்ததும் கை நிற்கும்.

இன்று என் புடவைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டு, மடித்தும் வைத்துவிட்டாள். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன்.

"மழை புடிச்சா காயாது கண்ணு. அந்த மதராஸ் காலேஜுல நூல்சேலை கட்டலாமா, இல்ல பட்டுத்தான் கட்டோணுமா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? முதல்ல நீங்க நல்லபடியா கீழே போய்ச் சேருங்க."

"ஆமாமா, நாந்தான் போகோணும்," என்று சிரித்தாள்.

6 ஜூன்

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கு மேலே யாரோ கூடைகூடையாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். இறங்குகிற கால்வழியில் இருந்த மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். இனி டோலி கட்டித் தூக்கிப்போகவும் முடியாது. போன மாதமே தூக்கச் சொன்னேன். யானை நடமாட்டம் என்றார்கள்.

போன வாரம் மரக்காரர்கள் சிலர் கால்வழியாக இறங்கினார்கள். கூடப் போகிறாயா என்று அண்ணி இரண்டு முறை கேட்டாள். அவளை விட்டுவிட்டு நான் போவேனா? என்னை என்னவென்று நினைத்திருக்கிறாள்?

போயிருக்கலாம்.

10 ஜூன்

செங்கோடனிடமிருந்து இன்று உண்மையைக் கறந்தேன். வண்டியோடு கூடவே ஏறி இறங்குகிற ஆள் அவர்தான். கொட்டகையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஆள் ஏறக்கூடாதுன்னு எந்தத் துரை சொன்னாரு?"

"துரையாவது, தொரட்டியாவது. உங்கொண்ணன் சொன்னதுதானுங் அம்மிணி."

"எதுக்கு?"

அவர் தீயைக் கிளறினார். "கயிறு தேஞ்சு போச்சுங்க. அம்மிணி வந்த பொறவு, சித்திரை கடைசியில ஒரு பக்கம் இழை விட்டுப்போயி, முடைஞ்சு சேத்துக் கட்டியிருக்குது. புதுக்கயிறு கேட்டா, இரும்பெல்லாம் சண்டைக்குப் போகுதுன்னுட்டாங்களாம். டெலிபோன் கம்பிய ஆனை இழுத்துப் போட்டுச்சே, அதுக்கே இன்னும் கம்பி வரலீங்க. கயிறு எங்க வரும்?"

"நீங்க தினமும் அதுலதானே போறீங்க?"

"நான் போனா எம்பொண்டாட்டி வேற கட்டிக்குவா. அம்மிணி போயி ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உங்கொண்ணன் அந்தக் கயித்துலயே தொங்கீருவாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11 ஜூன்

அண்ணனுடன் சண்டை. கயிறு பற்றி எனக்குத் தெரியும் என்றேன்.

"மயிலாகிட்டச் சொன்னயா?"

"இல்லை. ஏன் மறைச்சீங்க?"

"சொல்லி? கயிறு சரியில்லைன்னு வேலைய நிறுத்துனா நாளைக்கே வேற ஆளப் போடுவாங்க. அவன் இந்தக் கயித்துலயே ரெட்டைச் சுமை எறக்குவான். நானாவது கையில அதோட அதிர்வு தெரிஞ்சு புடிக்கறேன்."

கோபப்படத்தான் போனேன். அவர் உள்ளங்கையைப் பார்த்ததும் முடியவில்லை. பிரேக் கட்டையைப் பிடித்துப் பிடித்து மரப்பட்டை மாதிரி ஆகியிருக்கிறது. ஆனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்கவும் ஓர் இடம் வேண்டுமே. பூஞ்சை பிடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பக்கத்து அறையில்தான் அண்ணி இருந்தாள். பலகைச் சுவர். காதில் விழாமலா இருந்திருக்கும்?

13 ஜூன்

அண்ணிக்கு நேற்றிலிருந்து இடுப்பு வலியாம். நாள் கணக்கில் தவறு நேர்ந்துவிட்டதாகவும், ஆடி அல்ல, ஆனியே தாங்காது என்றும் அண்ணனிடம் சொன்னாள்.

"அந்தக் கயித்துல உன்னை ஏத்த மாட்டேன்."

"கட்டை போற கயித்துல நாம் போகக் கூடாதா? கட்டைய விடவா கனமா இருக்கறேன்? இங்கயே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யாரு வந்து பாப்பா? உங்க ஆனை டாக்டரா?"

யானைக்குக்கூட இங்கே டாக்டர் கிடையாது.

பொழுது சாய்வதற்குள் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றுக்குப் பாரம் குறைய வேண்டும். வழக்கமாக ஏற்றுகிற மரத்தில் பாதியை மட்டும் ஏற்றி, அதன்மேல் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இறக்குவது. இறங்குகிற கனம் குறைந்தால் கயிறு தாங்கும். புதன்கிழமை என்று நாள் குறித்தார்.

அண்ணிக்குக் கிழமை கேட்டதுமே இடுப்பு வலி விட்டுவிட்டது போலிருக்கிறது. எழுந்து போய் என் டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

16 ஜூன், அடிவாரம் டிப்போ

கட்டிய புடவை இன்னும் காயவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மழை கொஞ்சம் விட்டு மூடுபனி இறங்கியது. பாதி மரத்தின்மேல் வைக்கோல் பரப்பி, கம்பளி விரித்து, அண்ணியை உட்காரவைத்தோம். நான் பக்கத்தில், பெட்டி என் காலடியில். செங்கோடன் பின்னால் நின்றார். அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றுக் கொக்கியை மூன்று முறை தட்டிப் பார்த்தார். பிறகு மணிக்கம்பியை இழுத்தார். இங்கே மேலுக்கும் கீழுக்கும் பேச்சு என்பது அந்தக் கம்பி ஒன்றுதான். ஒரு மணி அடித்தால் தயார், இரண்டு என்றால் விடு, மூன்று என்றால் நிறுத்து. கீழேயிருந்து பதில் மணி கேட்டது. ஆட்கள் தள்ளினார்கள்.

மேல் பாதி செங்குத்து. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. பனிக்குள் எதுவும் தெரியவில்லை. கயிறு மட்டும் முனகியது. பிறகு சாய்வு குறைந்தது, வேகமும் குறைந்தது. நடுவழியில் தண்டவாளம் பிரிகிற இடத்துக்கு வந்தோம். அங்கே வண்டி நின்றேவிட்டது.

கயிறுதான் போயிற்று என்று நினைத்தேன். இல்லை. கயிறு விறைப்பாகத்தான் இருந்தது.

பக்கத்துத் தண்டவாளத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஏறி வந்த வண்டியும் நின்றிருந்தது. அதில் நனைந்த அரிசி மூட்டைகள். அவற்றின் உச்சியில் குடை பிடித்துக்கொண்டு, கோயில் தேரில் அம்மன் மாதிரி, அடிவார டிப்போக் கொட்டகையில் மருந்து கொடுக்கிற ரூத்தம்மா நர்ஸ்.

"அட ஆண்டவரே," என்றார் அந்த அம்மாள். "பிரசவம் பாக்க நான் மேல வந்துக்கிட்டிருக்கேன், பிள்ளைத்தாச்சி எங்க கீழ போகுது?"

செங்கோடன் தலையில் கை வைத்தார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மேலே பாதிச் சுமை ஏற்றியது கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. "பாதி" என்று சொல்ல மணிக்கம்பியில் ஓசை இல்லை. முழுச்சுமை இறங்குகிறது என்று நம்பி, இத்தனை அரிசியையும் இந்த அம்மாளையும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. தராசு முள் மாதிரி நடுவில் நின்றுவிட்டோம்.

"நர்ஸம்மா வர்ற சமாச்சாரம் எங்களுக்குத் தெரியாதே," என்றேன்.

"ஏன் தெரியாம? பிள்ளைத்தாச்சிக்கு இடுப்பு வலின்னு இந்தச் செங்கோடன் வந்து சொன்னதும், புதன்கிழமை வரேன்னு முந்தாநாளே இவர்கிட்டச் சொல்லி அனுப்பினேனே. என்னய்யா, சொல்லலையா?"

"பெரிய அம்மிணிகிட்டச் சொன்னனுங்களே! எங்கிட்டச் சொல்லீட்டயல்ல, அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்னாங்க."

அண்ணியைப் பார்த்தேன். அவள் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆடியிலதான் நாளு," என்றாள் மெதுவாக. "நர்ஸம்மா வந்தா அங்கயே ஆயிரும். ஆனா உன்னை எப்படிக் கீழ அனுப்பறது? தனியாப் போன்னா போவியா? போமாட்டே. உனக்குன்னு கேட்டா உங்கொண்ணன் வண்டி விடுவாரா? மாட்டாரு. எனக்குன்னாத்தான் விடுவாரு."

"கயிறு பத்தித் தெரிஞ்சுமா?"

"பலகைச் சுவரு தானே."

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அதற்குள் அவள் என் மணிக்கட்டை மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை பிடி வேறு மாதிரி இருந்தது. அவள் உதடு நீலமாகிப் போயிற்று. கம்பளி நனைந்துவிட்டது, அது மழையால் நனைந்ததல்ல.

ரூத்தம்மா குடையை வீசிவிட்டு எங்கள் வண்டிக்குத் தாவினார். அந்த உடம்புக்கு எப்படித் தாவினார் என்று இன்னும் வியப்பாக இருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். விளையாட்டெல்லாம் போய்விட்டது.

"பொய்யா வலின்னியே, நிஜ வலி வந்திருச்சு. ஆடியாவது ஆவணியாவது. கீழ போனா வெறுங்கொட்டகை, அப்பறம் குட்டி ரயில்ல அரை நாள் குலுங்கணும். அதுக்குள்ள தண்டவாளத்துல பெத்துப் போட்டுருவா. மேல என்ன இருக்கு?"

"கட்டில், அடுப்பு, வெந்நீர்."

"மேலதான்."

அண்ணியைத் தூக்கி அந்த வண்டிக்கு மாற்றினோம். நர்ஸம்மாவும் ஏறினார். நானும் ஏறினேன். செங்கோடன் கூடாது என்று தலையாட்டினார்.

"மூணு பேரும் இந்தப் பக்கமே ஏறுனா இது எப்படிங்க மேல போகும்? எறங்கற வண்டி கனக்கோணும்."

அரிசி மூட்டைகளை அந்த வண்டியிலிருந்து எங்கள் மரவண்டிக்கு மாற்றினோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. நனைந்த சாக்கு நகத்தைப் பிய்த்தது. எல்லா மூட்டையையும் மாற்றியாயிற்று. அவர் கம்பியை இரண்டு முறை இழுத்தார். மேலே பிரேக் விடுவது கயிற்றில் தெரிந்தது. வண்டிகள் ஒரு முழம் நகர்ந்தன. பிறகு நின்றுவிட்டன.

"மேல் பாதி செங்குத்துங்க. இன்னங் கொஞ்சம் கனம் வேணும். கொஞ்சந்தான்." அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. அங்கே ஏற்றுவதற்கு வேறு எதுவும் இல்லை.

"நான் அண்ணிகூடத்தான் இருப்பேன்," என்றேன்.

"இருந்து?" என்றாள் அண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கையப் புடிச்சுக்கிட்டு இங்கயே நிப்பமா? எறங்கு. அந்த வண்டியில ஏறு. தெய்வா, சொல்றதக் கேளு."

இறங்கினேன். மரவண்டியில் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த உடனேயே வண்டி அசைந்தது. செங்கோடன் மணியடிக்கக்கூட இல்லை. அவர்களுடைய வண்டி பின்னோக்கிப் பனிக்குள் ஏறிற்று. முதலில் அண்ணியின் கால் மறைந்தது, பிறகு நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலை. கொஞ்ச நேரம் குரல் கேட்டது. பிறகு கயிற்றின் முனகல் மட்டும்.

எத்தனை வருஷம் படித்தேன். இன்று என்னால் ஆன உதவி, என் எடை.

17 ஜூன்

மழை. சரிவில் வண்டி ஓடவில்லை. மேலிருந்து ஒரு மணியும் இல்லை. டிப்போ குமாஸ்தா நல்லமுத்து "கெட்ட சேதின்னா இந்நேரம் வந்திருக்குமுங்க" என்று ஆறுதல் சொல்கிறார். எப்படி வரும் என்று கேட்டேன்.

சமவெளிக்குப் போகிற ரயில் என் முன்னாலேயே கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை.

18 ஜூன்

நண்பகலுக்கு மேல் மணிக்கம்பி ஒரு முறை அடித்தது, பிறகு இரண்டு முறை. முழுச்சுமை மரம் இறங்கி வந்தது. செங்கோடன் கீழேயே இருந்ததால் அதில் ஆள் யாரும் வரவில்லை. கேட்க யாருமில்லை என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, நல்லமுத்து கூப்பிட்டார்.

"அம்மிணி, இதென்னமோ அளவு மாதிரி இல்லீங்களே."

கட்டைகளின் வெட்டுமுகத்தில் நீளமும் சுற்றளவும் தாரில் எழுதி அனுப்புவது வழக்கம். ஆகப் பெரிய கட்டையில் அளவுக்குப் பதிலாக அண்ணனுடைய கோணல் எழுத்து:

பெண். இரண்டு பேரும் நலம். நீ போ.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நல்லமுத்து பதறிப்போய் கெட்ட சேதியா என்றார். வேடிக்கை பார்க்க வந்த ஆட்கள் கட்டையைச் சுற்றி நின்று, எழுத்துக்கூட்டிப் படித்து, ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். ராணுவத்துக்குப் போகிற தேக்கில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான் ஒருவன்.

அடுத்து ஏறுகிற வண்டியில் நான் மேலே போகட்டுமா என்று நல்லமுத்துவிடம் கேட்டேன்.

"உங்க வண்டியில அரிசி திரும்பி வந்திருச்சுங்களே. மேல ரெண்டு நாளா களியும் கீரையுமாத்தான் இருக்கும். இன்னிக்கு அரிசி மட்டும்தானுங்க போகும். நாளைக்கும் அரிசிதான். நீங்க ஏறுனா ஒரு மூட்டைய எறக்கோணும்."

நான் கேட்டேன். அவர் முடியாது என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் முடியாது என்றபோது எனக்குள் என்ன இறங்கியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

19 ஜூன், ரயிலில்

இது ஆட்டுகிற ஆட்டத்தில் எழுத்து எழுத்தாகவே இல்லை. மரங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு தட்டுவண்டி, அதில் நானும் பெட்டியும். பாறை, ஓடை, மறுபடி பாறை. பொழுது சாய்வதற்குள் சமவெளி வந்துவிடுமாம். மதராஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணிமேல் கோபம் தீரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அவளுக்காகத்தான் நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் அவள் அந்தக் கயிற்றில் ஏறினாள். யாரைக் கேட்டு ஏறினாள்? அந்தக் கயிறு விட்டிருந்தால், அந்தப் படிப்பை நான் எந்த முகத்தோடு படிப்பேன்? இதையெல்லாம் நேரில் கேட்க வேண்டும். லீவுக்கு வந்ததும் முதலில் சண்டை. குழந்தையை அப்புறம்தான் வாங்குவேன்.